"ஒரிஜினல் மினி பிளேஸ்டேஷன்" விளம்பரத்தை நம்பாதீர்கள், எனக்குப் போனது 12,950 ரூபா

போன மாதம் ஒரு இரவு, வெளியில் மழை, கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, நான் போனை நோண்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு விளம்பரம் வந்தது. சின்னதாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், பின்னால் டிவியில் பழைய கேம் நாயகன் கிராஷ் பண்டிகூட் துள்ளித் துள்ளி ஓடுகிறது. "உங்கள் சிறுவயது திரும்பி வந்துவிட்டது! ஒரிஜினல் மினி பிளேஸ்டேஷன், 10,000 கேம், 4கே, வயர்லெஸ்" என்று தமிழிலேயே போட்டிருந்தார்கள். விலை 12,500, கொண்டுவந்து தர 450, இன்னும் 7 பெட்டிதான் பாக்கியாம். எனக்கு முப்பத்தாறு வயது. பழைய கேம்களைப் பற்றி யாரும் கேட்காமலேயே மணிக்கணக்கில் பேசி எல்லோரையும் ஓட வைக்கிறவன் என்று வீட்டில் பெயர் வாங்கியவன். அப்படிப்பட்ட என்னையே சுத்தமாக ஏமாற்றிவிட்டார்கள், அதனால் வெட்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஏன் விழுந்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு கடை மாடியில் நான்கு டிவியும் நான்கு பிளேஸ்டேஷனும் வைத்திருந்தார்கள், அரை மணித்தியாலத்துக்கு 15 ரூபா. டியூஷனுக்கு என்று சொல்லிவிட்டு தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி, பஸ் காசை மிச்சம் பிடித்து, ஆறு கிலோமீட்டர் நடந்தே போய் டெக்கன் 3 என்ற சண்டைக் கேம் விளையாடியிருக்கிறேன். பெரிய அண்ணன்மார் அதில் எடி கோர்டோ என்ற ஆளை எடுத்துக்கொண்டு எல்லாப் பட்டனையும் கண்டபடி அமுக்கி எங்களை அடித்துப் போடுவார்கள், அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் காசும் இல்லை, நேரமும் இல்லை. அதற்கும் முந்தி, கொழும்பில் கடையில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு தீபாவளிக்குக் கொண்டுவந்த டிவி கேம், மஞ்சள் கசட், கொன்ட்ரா, மரியோ, டாங்கி கேம். அதுவும் நிண்டெண்டோவின் நகல்தான், மாடிக் கடையில் இருந்த டிஸ்க்குகளும் கொப்பிதான், நாங்கள் எல்லோரும் கொப்பியில் வளர்ந்த ஆட்கள். ஆகவே "நகல் பொருள் பாவம்" என்று இங்கே உபதேசம் பண்ண வரவில்லை. சித்தப்பாவின் பெட்டி மலிவு என்று சொல்லித்தான் விற்றார்கள், ஒரு கன்ட்ரோலர் வேலை செய்யாதபோது கடையில் மாற்றியும் கொடுத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் முகவரியை அனுப்பியதும் ஒருவர் அழைத்தார், "மல்லி, மல்லி" (சிங்களத்தில் தம்பி) என்று அவ்வளவு பாசம். ஒரிஜினல்தானே என்று இரண்டு தடவை கேட்டேன், "நூறு வீதம் ஒரிஜினல் மல்லி, ஒரு வருஷ வாரண்டி" என்றார். நான்கு நாள் கழித்துப் பார்சல் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு மேலே கூரியர் வராது, ரோட்டுச் சந்தியில் நின்றுகொண்டு அழைப்பார்கள், நாம்தான் இறங்கிப் போக வேண்டும். கொட்டும் மழையில் குடையோடு நின்று, "அண்ணே, ஒருக்கா பிரிச்சுப் பார்த்திட்டுக் காசு தரட்டுமா?" என்று கேட்டேன். "முடியாது தம்பி, பிரிச்சா அது உங்க சாமான், காசு குடுத்துட்டுப் பிரிங்க" என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பொருள் வந்தபிறகு காசு என்றால் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோமே, அது பெட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக் காசு கொடுப்பதுதான் என்பது எனக்கு அந்தச் சந்தியில்தான் உறைத்தது. உறைத்தும் கொடுத்தேன். வீட்டில் அக்கா மகன், ஒன்பது வயது, லீவுக்கு வந்தவன், ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே சாம்பல் பெட்டியே இல்லை. ஒரு கறுப்புக் குச்சி, டிவியின் எச்டிஎம்ஐ துளையில் சொருகுவது, கைவிரலை விடக் கொஞ்சம் பெரிது. அதில் ஒரு மெமரி கார்ட். சோனியின் கன்ட்ரோலர் போல வார்த்த, சிணுங்குகிற பிளாஸ்டிக் கன்ட்ரோலர் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சின்னப் பென்சில் பற்றரி, அதுவும் பெட்டியில் இல்லை, திரும்பவும் கடைக்கு நடை. போட்டுப் பார்த்தால் பட்டியலில் 10,000 பெயர் இருப்பது உண்மைதான், ஆனால் கொன்ட்ரா மட்டும் முப்பது தடவைக்கு மேல் வருகிறது, ஒன்றில் இரண்டாவது கட்டத்தில் தொடங்கும், ஒன்றில் துப்பாக்கி வேறு, ஒன்றில் உடையின் நிறம் வேறு. பழைய மஞ்சள் கசட்டில் "9999 கேம்" என்று ஒட்டியிருப்பார்களே, அதே வித்தைதான் கார்டுக்கு மாறியிருக்கிறது. நிண்டெண்டோவின் அந்தப் பழைய என்இஎஸ் கன்சோலுக்கு அமெரிக்காவில் முறைப்படி வந்த கேம்கள் மொத்தமே 700க்குக் கீழே. சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுக் கேமும் 40 கிலோபைட், நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு படத்தை விடச் சின்னது. ஆயிரக்கணக்கில் கேம் போடுவது ஒரு பெரிய வேலையே கிடையாது, அந்த எண்ணைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள். 4கே என்பதும் அப்படித்தான். அந்தப் பழைய நிண்டெண்டோ கேமின் படம் 256க்கு 240 புள்ளி, அதை எத்தனை கே டிவியில் இழுத்தாலும் புள்ளி பெரிதாகுமே தவிர புதிதாக எதுவும் முளைக்காது.

டெக்கன் 3 இருந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பட்டனை அமுக்கினால் ஒரு கணம் கழித்துத்தான் ஆள் கையை நீட்டுகிறான், சத்தம் விக்கி விக்கி வருகிறது, அடி விழும்போதெல்லாம் படம் தயங்கி நிற்கிறது. கிராஷ் பட்டியலில் இருந்தது, திறந்தால் கறுப்புத் திரை. மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாமா, இந்தத் துப்பாக்கி கேமாவது ஓடுதே" என்றான். மூன்றாவது நாள் அதுவும் ஓடவில்லை. டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோனேன். கார்டில் 64 ஜிபி என்று அச்சடித்திருக்கிறது, அவன் கம்ப்யூட்டரில் போட்டு நிரப்பிப் பார்த்தான், பாதி தூரம் போக முதலே எழுதியது எல்லாம் கெட்டுப்போய்த் திரும்பி வந்தது. "மச்சான், இந்தக் குச்சியை மொத்தமா வாங்கினா இதில மூணில ஒரு பங்குகூட வராது" என்றான். மல்லி என்று அழைத்தவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, அதோடு என்னை பிளாக் பண்ணிவிட்டார். வாரண்டிக்கு ஒரு துண்டுக் கடதாசி கூடக் கிடையாது.

இனி என் முட்டாள்தனம். விளம்பரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் ஓடிய கிராஷின் ரோமம் ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. அது 1996 கிராஷ் இல்லவே இல்லை, 2017இல் பிளேஸ்டேஷன் 4க்குப் புதுப்பித்து விட்ட "கிராஷ் என். சேன் டிரிலஜி"! அடுத்து வந்த பொலிஸ் நிலையக் காட்சி 2019 ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக், அதாவது பழைய கேமை முதலிலிருந்து புதிதாகச் செய்தது. பழைய கேம் பெட்டியை விற்க ரீமேக்கின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள், இதை நண்பர்களுக்குப் பாடம் எடுக்கிற நான் கவனிக்கவில்லை. இன்னொன்று, சோனி 2018 டிசம்பரில் விட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் கிராஷ் கிடையவே கிடையாது. அதில் இருப்பது 20 கேம், அதற்கு மேல் ஒன்று கூட இல்லை, கன்ட்ரோலர் வயர் உள்ளது, கட்டைவிரலால் ஆட்டுகிற அனலாக் குச்சி இல்லாத பழைய மாதிரி. அதே போல நிண்டெண்டோவின் சின்ன என்இஎஸ்ஸில் 30, சூப்பர் என்இஎஸ்ஸில் 21, சேகாவின் மெகா டிரைவ் மினியில் 42. "ஒரிஜினல்" என்ற சொல்லும் "10,000 கேம்" என்ற சொல்லும் ஒரே விளம்பரத்தில் வந்தால் இரண்டில் ஒன்று பொய், எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக ஒரிஜினல் எல்லாம் தங்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிளேஸ்டேஷன் கிளாசிக் வந்தபோதே நல்ல ஏச்சு வாங்கியது. உள்ளே ஓடுவது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற எமுலேட்டர், அதாவது பழைய கேமை வேறு இயந்திரத்தில் ஓட வைக்கிற புரோகிராம், 20இல் 9 கேம் ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 தடவை படம் மாறுகிற) பதிப்பு, டெக்கன் 3 உட்பட. 60இல் ஓட வேண்டிய சண்டைக் கேமை 50இல் ஓட்டினால் கை பழகியவனுக்கு உடனே தெரியும். 100 டொலருக்கு வந்தது சில மாதங்களிலேயே பாதிக்கும் கீழே இறங்கியது. சேகா தன்னுடைய பெட்டியை எம்2 என்ற ஜப்பானியக் கம்பனியிடம் கொடுத்துச் செய்வித்தது, பழைய கேமைப் புது இயந்திரத்தில் ஓட வைப்பதே அவர்கள் தொழில், அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்லிக் கேட்டதில்லை. யார் கையால் செய்தது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ரீமேக்கும் அப்படித்தான். 2021 நவம்பரில் ஜிடிஏ என்ற கேம் வரிசையின் மூன்று பழைய கேமையும் சேர்த்துப் புதுப்பித்து விட்டார்களே, அதைப் பற்றி எனக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. அதில் ஒன்றான சான் அன்ட்ரியாஸின் பழைய பதிப்பில் தூரத்தில் எப்போதும் ஒரு மங்கல் இருக்கும், அந்தக் கால இயந்திரத்தால் அவ்வளவு தூரம் வரைய முடியாது என்பதற்காகப் போட்டது. புதியது வந்தபோது மங்கலை எடுத்துவிட்டிருந்தார்கள். மலை உச்சியில் ஏறி நின்றால் நகரங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் தெரிந்தன, ஒரு நாடு மாதிரி இருந்தது பொம்மை வீடு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது தோட்டத்தின் பக்கத்து டிவிசனுக்குப் போவது ஒரு பிரயாணம், வெயில் அடித்தால் அங்கே கொடியில் காயும் துணி யாருடையது என்று இங்கிருந்தே சொல்லலாம். 2012இல் சைலன்ட் ஹில் 2 என்ற பேய்க் கேமை எச்டியாக்கியபோதும் இதே கூத்து நடந்தது, முடிக்காத பழைய புரோகிராமை வைத்துக்கொண்டு செய்ததில் பனி கிழிந்துபோய் ஊரின் ஓரமே வெளியில் தெரிந்தது. 2024இல் வந்த ரீமேக்கில் அந்தப் பனியைத் திரும்ப ஒழுங்காகப் போட்டார்கள், அது எதற்கு இருந்தது என்று புரிந்த ஆட்கள் செய்தது.

ஜிடிஏ கதையில் அதைவிட மோசமானது, புதியது வருகிறது என்று பழையதை விற்பனையிலிருந்தே எடுத்தது. பிறகு ஊரே கத்தியதால் மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டருக்குப் பழையதைத் திரும்பக் கொடுத்தார்கள். மாறாக ரெசிடென்ட் ஈவில் 2ஐப் பாருங்கள், கமெராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் அந்தப் பொலிஸ் நிலையத்தில் கதவைத் திறக்கக் கை நடுங்குகிறது. கிராஷ் டிரிலஜி அழகுதான், நன்றாகவே செய்திருக்கிறார்கள், ஆனால் தாவி விளிம்பில் கால் வைத்தால் வழுக்கி விழுகிறது, செய்தவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். பைனல் பேன்டசி 7 ரீமேக் 2020இல் வந்தபோது முழுக் கதை என்று நினைத்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர், அதில் இருப்பது மிட்கார் நகரம் மட்டும், அடுத்த பாகம் வர 2024 ஆனது. பெட்டியின் முன்பக்கத்தில் அது முதல் பாகம் என்று ஒரு எண் கூட இல்லை.

வாங்குகிறவர்களுக்கு: காசு கொடுக்க முதல் பொருளை வீடியோ அழைப்பில் டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், விளம்பரத்தில் ஓடிய அதே கேமைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்குச் சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். பில் கட்டாயம் கேளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு அழைக்கலாம்தான், ஆனால் பில்லும் விற்றவரின் முகவரியும் இல்லாமல் அங்கே எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? என்னிடம் இருப்பது நனைந்துபோன ஒரு கூரியர் ஸ்டிக்கர், அதில் அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போன் நம்பர் மட்டும், அதுவும் இப்போது வேலை செய்வதில்லை. எங்கள் பக்கத்தில் இருந்து ஆர்டர் பண்ணுகிறவர்கள் இன்னும் யோசியுங்கள், கொழும்பில் இருப்பவனாவது நேரில் போய்க் கத்தலாம், நாம் அதற்கு ஒரு நாள் பிரட்டுக் காசையும் (தோட்டத்து நாட்கூலி) பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

குச்சிக்கு நண்பன் ஒரு நல்ல கார்ட் போட்டுத் தந்தான், அதற்கு 2,200. மருமகன் லீவு முடிந்து போகும்வரை கொன்ட்ரா விளையாடினான், முப்பது உயிர் எடுக்கிற பட்டன் வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன், மேல் மேல் கீழ் கீழ் என்று அக்கா வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிகிறானாம்.

நேற்று இரவு அதே வீடியோ திரும்பவும் வந்தது. பக்கத்தின் பெயர் வேறு, 15,000 கேம் என்கிறார்கள், விலை 9,900, பாக்கி இருப்பது அதே 7 பெட்டிதான்.