சிறுவர் கால்பந்து அகாடமி: பயிற்சிக்கு முழு மதிப்பெண், ஊரோடு ஒட்டுவதில் பாதிதான்

என் மகன் போகிற கால்பந்து அகாடமி எப்படி என்று சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். பயிற்சியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கோச்சுகள் பொறுமையானவர்கள், பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து யாரும் கத்துவதில்லை, வரிசையில் நிற்க வைத்து நேரத்தைக் கழிக்காமல் எல்லோர் காலிலும் பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் எழுத நினைத்தது வேறு: சுற்றியுள்ள பள்ளிகளோடும், சின்ன கிளப்களோடும், அகாடமியில் சேராத பிள்ளைகளோடும் இவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பது. எந்த அகாடமியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தொழில்முறை ஆட்டக்காரர்களாக ஆகப்போவதில்லை, சில வருடங்களில் அதே பகுதி கிளப்புக்கும் பள்ளி அணிக்கும்தான் திரும்பப் போகிறார்கள். அதனால் இது எனக்குப் பெரிய விஷயம்.

ரொம்பப் பிடித்தது வாசல் பக்கத்தில் இருக்கும் பூட்ஸ் பெட்டி. வளர்கிற பிள்ளைகளுக்கு ஒரு பூட்ஸ் ஒரு சீசன் தாங்கினாலே பெரிய விஷயம். சிறிதாகிப்போன ஜோடியை மண் போகத் துடைத்து, லேஸ்களை ஒன்றாகக் கட்டி, அளவெழுதிய துண்டுச்சீட்டை உள்ளே செருகிப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். எடுப்பவர் பெயர் எழுதத் தேவையில்லை, யாரும் எதுவும் கேட்பதில்லை, அகாடமிப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உதவி வாங்குகிறோம் என்ற கூச்சம் எந்தப் பிள்ளைக்கும் வராதபடி யோசித்துச் செய்திருக்கிறார்கள், இதைச் செய்தவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

அப்புறம், சிறுவர் போட்டிகளுக்கு நடுவராக நிற்பது இதே பகுதியின் பெரிய பிள்ளைகள், அவர்களுக்கு அகாடமியே பயிற்சி கொடுக்கிறது. விசில் ஊதுவது தெரிந்த வீட்டுப் பிள்ளை என்பதால் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோரின் சத்தம் நன்றாகவே அடங்கியிருக்கிறது. பக்கத்துப் பள்ளி விளையாட்டு ஆசிரியர்களையும் அழைத்துப் பயிற்சி முறைகளைக் காட்டித் தருகிறார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். சின்ன கிளப்களிடம் இவர்கள் நடந்துகொள்ளும் விதம் நன்றாக இல்லை. சீசன் நடுவில் டிரையல்ஸ் (ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம்) வைத்து நல்லா ஆடுகிற பையனை எடுத்துக்கொள்கிறார்கள், அவனை ஆறேழு வயதிலிருந்து சம்பளமில்லாமல் வளர்த்த கோச்சுக்கு, பையன் பயிற்சிக்கு வராத அன்றைக்குத்தான் விஷயமே தெரிகிறது. ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோவைப் பாருங்கள். பாஸ்க் பகுதியில் பிறந்தவர்களையோ அங்கே பயிற்சி பெற்று வளர்ந்தவர்களையோ மட்டுமே ஆட வைக்கும் கிளப் அது, அதனால் அங்குள்ள சின்ன கிளப்கள் வாடினால் தாங்களும் வாடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கிளப்களோடு ஒப்பந்தம் போட்டு உறவை வைத்திருக்கிறார்கள். ஃபிஃபா விதியிலும் இதற்கு ஓர் இடம் உண்டு: ஒரு வீரர் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போனால், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த உயரத்துக்குப் போகிற பிள்ளைகள் வெகு சிலர்தான். மற்ற எல்லோருக்காகவும் கேட்பது ஒரு போன்கால், 'உங்கள் பையனை எடுக்கப்போகிறோம், சீசன் முடியட்டுமா?' என்று ஒரு வார்த்தை.

ஒரு பையனை அகாடமியிலிருந்து விடுவிக்கும்போது, அதாவது இனி வேண்டாம் என்று அனுப்பும்போது, இதைவிட மோசம். பெற்றோருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது, அதோடு சரி. மூன்று நான்கு வருடம் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குக்கூடப் போன பிள்ளை அவன். கோச் நேரில் உட்கார்ந்து பேசி, பழைய கிளப்புக்கும் தகவல் சொல்லி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்யாததால் பந்தையே தொடாமல் போய்விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான்.

வருடத்துக்கு ஒருமுறை பேனர் கட்டி நடத்தும் 'சமூக நாள்' எனக்கு ஒட்டவில்லை. பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள், மறுநாள் அதே குப்பை அதே இடத்தில் கிடக்கிறது. கென்யாவின் நைரோபி நகரில் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987-இல் தொடங்கிய இளையோர் விளையாட்டுச் சங்கம் இதை வேறு மாதிரி யோசித்தது: குடியிருப்பைச் சுத்தம் செய்யும் அணிக்கு லீக் பட்டியலில் புள்ளி. ஆட்டமும் தெருவும் ஒரே கணக்கில் வந்துவிடுவதால் அது ஒருநாள் கூத்தாக நின்றுவிடாது.

12 வயதுக்குள் இருக்கும் பிள்ளை என்றால் தயங்காமல் சேர்க்கலாம். அதற்கு மேல் என்றால், விடுவிக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் குறைகளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், சரிசெய்தால் மதிப்பெண்ணை ஏற்றிவிடுகிறேன்.