14416: ஆலோசனைக்குச் சரி, சான்றிதழுக்கு அல்ல

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், போனில் மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவை; இலவசம். 24 மணி நேரமும் 14416-ல் தமிழிலேயே பேசலாம். விபத்தில் காலை இழந்தவரின் தூக்கமின்மை, மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் அம்மாவின் சோர்வு இவற்றுக்கு முதலில் தட்டவேண்டிய கதவு இதுதான். காது கேளாதவருக்குக் குரல் அழைப்பு எதற்கு? அவர் நேரில் போவதே மேல்.

ஐக்யூ பரிசோதனை போனில் நடக்காது. அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்கு அது வேண்டும். செய்யவேண்டியவர் மருத்துவ உளவியலாளர். பலர் ஏமாறுவது இங்கேதான். ‘கவுன்சலிங் சென்டர்’ போர்டை நம்பிக் காசு கட்டி வாங்கும் அறிக்கை, சான்றிதழ் தரும் மருத்துவக் குழு முன் நிற்காது. பணம் கட்டுமுன் உளவியலாளரின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். சோதனையின் பெயர், மதிப்பெண், கையெழுத்து, அந்த எண் நான்கும் அறிக்கையில் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.