அம்மாவின் கால் புண்ணும் ஐந்து மாத ஆன்டிபயாடிக்கும்: தயவுசெய்து படியுங்கள்

அம்மாவுக்கு இடது காலின் உட்பக்கம், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புண். முப்பது வருஷம் மெஸ்ஸில் நின்றபடியே சமைத்த கால் அது. நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். சாயங்காலம் ஆனால் வீங்கும். கணுக்காலைச் சுற்றித் தோலே கறுத்துவிட்டது. எங்கள் பகுதி கிளினிக்கில் இதில் ஒன்றைக்கூட விசாரிக்கவில்லை. ஐந்து மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

முதலில் அமாக்ஸிசிலின் கிளாவுலனேட், அப்புறம் செஃபிக்ஸிம், பிறகு பத்து நாள் ஊசி. அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, சிவப்பு பரவவும் இல்லை. புண்ணைப் பஞ்சால் துடைத்து, என்ன கிருமி வளருது என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். சூடோமோனாஸ் என்ற கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்ததும் நாங்கள் பயந்துவிட்டோம். நாள்பட்ட புண் எதைத் துடைத்து அனுப்பினாலும் ஏதாவது கிருமி வளரத்தான் செய்யும், அதனாலேயே அது தொற்று ஆகிவிடாது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மாத்திரையால் வயிற்றுப்போக்கு வந்து அம்மா துவண்டுபோனதுதான் மிச்சம்.

அந்த நியோமைசின் ஆயின்மென்ட்டை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. தடவிய இடமெல்லாம் சிவந்து, அரித்து, நீர் வடிந்தது. "இன்ஃபெக்ஷன் பரவுது" என்று மாத்திரையைக் கூட்டினார்கள். உண்மையில் அது அந்த ஆயின்மென்ட்டின் ஒவ்வாமை. ஆறாத கால் புண் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான்.

செஃபிக்ஸிம், அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. 2014 மார்ச் முதல் டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம், தனிப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். கிளினிக்கை ஒட்டிய மெடிக்கலில் பழைய சீட்டுக்கே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். நாங்களும் வாங்கினோம்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த சர்ஜன் முதலில் சொன்னதே "எழுந்து நில்லுங்கம்மா" என்பதுதான். நின்ற காலைப் பார்த்துவிட்டு, "ரத்தம் மேலே ஏறாம கால்லயே தேங்குது. அதுக்கு மாத்திரை என்ன பண்ணும்?" என்றார். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கையிலும் கணுக்காலிலும் பிரஷரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஏனென்றால் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு உள்ள காலை இறுக்கிக் கட்டினால் ஆபத்து. அதன்பிறகுதான் பாதத்திலிருந்து முட்டிக்குக் கீழ் வரை அழுத்தக் கட்டு போட்டார்கள். வாரம் ஒருமுறை மாற்றினார்கள். படுக்கும்போது காலுக்குத் தலையணை. ஆன்டிபயாடிக் ஒன்றுகூட இல்லாமல் நாலு மாதத்தில் புண் மூடிவிட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். சிவப்பு பரவினால், கால் சுட்டால், வலி திடீரென்று கூடினால், காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும், உடனே போக வேண்டும். சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் புண் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இதெல்லாம் எதுவும் இல்லாமல் மூன்றாவது, நான்காவது ஆன்டிபயாடிக் எழுதினால், "ரத்த ஓட்டத்தைப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள்.

ஐந்து மாதத்தில் 38,000 ரூபாய் போனது. பில்களையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். "கல்ச்சர்ல கிருமி வந்துச்சே" என்றார்கள்.