தோள் வலி: கரண்டு வைத்த 3 மாதமும் அதற்குப் பிறகு ஒன்றரை வருடமும்

பரணிலிருந்து அண்டாவை இறக்கும்போது வலது தோளில் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தால் போய்விடும் என்று இருந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்தும் சட்டைக் கையை நுழைக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது, ராத்திரி வலப்பக்கம் புரண்டால் விழிப்பு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் தசைநாரில் பகுதிக் கிழிசல் என்று இருந்தது.

முதலில் போன பிசியோ சென்டரில் ஐஎஃப்டி (தோளில் பட்டை ஒட்டி லேசாகக் கரண்டு வைப்பது), அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, ஒத்தடம், கடைசியில் நாலு இழுப்பு ரப்பர் பேண்டு. தடவைக்கு 350 ரூபாய். சுகமாகத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது, ஆனால் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி. ஸ்டீராய்டு ஊசியில் ஆறு வாரம் நிம்மதி, அப்புறம் திரும்ப வந்தது. இதையெல்லாம் விட "வெயிட் தூக்காதீங்க, கிழிசல் பெரிசாகிடும்" என்று சொன்னார்களே, அதுதான் என்னை முடக்கியது. தண்ணீர்க் குடம்கூட இடது கைக்குப் போய்விட்டது. தோள் இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

அடுத்த பிசியோ முதல் நாள் தோளைத் தொட்டதே கடைசிப் பத்து நிமிடம்தான். எத்தனை மணி நேரம் தூங்குறீங்க, கிழிசல்னு படிச்சதும் என்ன தோணிச்சு, எந்த வேலைக்குக் கை போக மாட்டேங்குது என்று ஒரே கேள்வி. எனக்கு எரிச்சல். "அப்போ வலி மனசுலதான்னு சொல்றீங்களா?" என்றேன். "வலி தோள்லதான் சார். நாலு மணி நேரம் தூங்குற உடம்புல அது கூடுதலா உறைக்கும்" என்றார். அப்பாவுக்காக ஆஸ்பத்திரியில் நான் முழித்துக் கிடந்த மாதங்கள் அவை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் இந்தக் கிழிசல் தெரியும், வயது ஏற ஏற அது சகஜம் என்று அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் மூச்சு வந்தது.

இங்கேயும் உடற்பயிற்சி உண்டு. அரை லிட்டர் பாட்டிலில் ஆரம்பித்து மாதக்கணக்கில் ஏற்றினோம். பத்துக்கு நாலு வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு. ஆறாவது மாதம் அதே அண்டாவைப் பரணில் ஏற்றினேன்.

உடம்போடு மனசையும் வாழ்க்கைச் சூழலையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறைக்கு உயிர்-உளவியல்-சமூக அணுகுமுறை என்று வாயில் நுழையாத பெயர். ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977-இல் முன்வைத்தது. மந்திரம் ஒன்றும் இல்லை, நாள் ஆனதாலேயே எனக்குப் பாதி சரியாகியிருக்கலாம். 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கிராஸ்ப் என்ற ஆய்வில், தோள் வலிக்காரர்கள் 708 பேரை ஒரு வருடம் பார்த்தபோது, பல தடவை வரவழைத்துப் பயிற்சி தந்ததற்கும் ஒரே தடவை நன்றாக விளக்கி அனுப்பியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் கரண்டுக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போதும் தூக்கம் கெட்ட வாரத்தில் லேசாக வலிக்கும். பஸ்ஸில் மேல்கம்பிக்கு இன்னும் இடது கைதான் போகிறது. ஒன்று, விழுந்து அடிபட்டுக் கையைத் தூக்கவே முடியாமல் போனவர்கள் என் கதையைப் பார்த்து நாள் கடத்த வேண்டாம், அது முழுக் கிழிசலாக இருக்கலாம், உடனே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.