மியோங்தோங் க்யோஜா: நான்கே பதார்த்தங்கள் விற்கும் சியோல் நூடுல்ஸ் கடை

சியோல் நகரத்து மியோங்தோங் கடைவீதியில் இருக்கும் மியோங்தோங் க்யோஜா என்ற உணவகத்தின் பட்டியலில் மொத்தமே நான்கு பதார்த்தங்கள்தாம் உள்ளன. கோழிச் சூப்பில் வரும் கல்குக்சு நூடுல்ஸ், கொழுக்கட்டை போல உள்ளே கறி வைத்து ஆவியில் வேகவைத்த மந்து, காரமான குளிர்ந்த பிபிம்குக்சு நூடுல்ஸ், வெயில் காலத்தில் மட்டும் கிடைக்கும் சோயாப்பால் நூடுல்ஸான கோங்குக்சு என்று அந்தப் பட்டியல் முடிந்துவிடும். 1966இல் வேறொரு பெயரில் தொடங்கிய இக்கடை பின்னர் 'மியோங்தோங் கல்குக்சு' என்ற பெயரில் புகழ் பெற்றது. அந்தப் பெயரைச் சுற்றுவட்டாரக் கடைகள் பலவும் வைத்துக்கொள்ளத் தொடங்கியதால், 1970களின் பிற்பகுதியில் இப்போதைய பெயருக்கு மாறியது. உணவகங்களை மதிப்பிட்டு நட்சத்திரம் வழங்கும் மிஷெலின் நிறுவனம் சியோலுக்காக 2016 நவம்பரில் முதன்முறையாக வழிகாட்டி நூல் வெளியிட்டபோதே, குறைந்த விலையில் நல்ல உணவு தரும் கடைகளுக்கான 'பிப் குர்மாண்' பட்டியலில் இதன் பெயர் இருந்தது.

அந்தப் பட்டியலை அளவுக்கு மீறி மதிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அது நட்சத்திர விருது அன்று; சியோலைப் பொறுத்தவரை ஓர் ஆள் கொரிய நாணயத்தில் ஏறத்தாழ 45,000 வொன்னுக்குள் நன்றாகச் சாப்பிட்டு எழுந்துவிடலாம் என்று சொல்லும் பரிந்துரை மட்டுமே. ஆனால் இந்தக் கடையின் கல்குக்சு 2024இல் 11,000 வொன்னுக்கு, அதாவது அந்த வரம்பில் கால் பங்கிற்கு, விற்கப்பட்டது. சில ஆண்டுகளாக சியோலில் வேலை செய்துகொண்டு, மதியமும் இரவும் பெரும்பாலும் வெளியில் சாப்பிடும் எனக்கு, இந்த உணவகத்தின் சிறப்பு பட்டியலில் அச்சிட்ட விலையிலோ விருதிலோ இருப்பதாகத் தோன்றியதில்லை. ஒரே ஒரு கிண்ணத்தை வாங்கி அதை எந்த வரிசையில், எவற்றோடு, எவ்வளவு நேரம் சாப்பிட முடிகிறது என்பதில்தான் அது இருக்கிறது.

கல்குக்சு என்பது கோதுமை மாவைப் பிசைந்து, தேய்த்து, மடித்து, கத்தியால் இழை இழையாக நறுக்கிச் செய்யும் நூடுல்ஸ். மாவு தூவிய இழைகளைத் தனியே வேகவைத்துக் கழுவாமல் சூப்பிலேயே கொதிக்கவிடும் வழக்கம் இருப்பதால், மாவின் கஞ்சிப் பதம் சூப்பில் கலந்து அதைக் கெட்டியாக்குகிறது. சூப்பின் அடிப்படை இடத்துக்கு இடம் மாறும்: உலர்ந்த நெத்திலியும் கடற்பாசியும் போட்டுக் கொதிக்கவைப்பது ஒரு வகை, மட்டிச் சிப்பிகளைக் குவித்துச் செய்வது கடற்கரை ஊர்களின் வகை, எலும்புச் சூப் இன்னொரு வகை. மியோங்தோங் க்யோஜாவில் கிடைப்பது கோழியை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த கனமான சூப். அதன்மேல் கொத்திய பன்றிக்கறியும் சுக்கினியும் வெங்காயமும் வதக்கிப் போடப்பட்டிருக்கும். அந்த வதக்கலிலிருந்து வரும் இலேசான கருகல் மணம் சூப் முழுவதும் இறங்கியிருக்கும். தாளைப் போல மெல்லிய தோல் கொண்ட சிறு மந்துகள் நான்கு மேலே மிதக்கும். அவற்றை முதலிலேயே தின்றுவிடுவது நல்லது. தாமதித்தால் தோல் கரைந்து சூப்போடு போய்விடும்.

நூடுல்ஸ் இழைகள் மென்மையானவை. பல்லில் எதிர்த்து நிற்கும் இழையை விரும்புகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கையால் தேய்த்து ஒழுங்கற்று நறுக்கிய தடித்த இழை வேண்டுமென்றால் க்வாங்ஜாங் சந்தையின் பெஞ்சுகளில்தான் தேட வேண்டும். இங்கே இழை சூப்பைத் தாங்கி வருவதற்காகவே இருக்கிறது என்று புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த மென்மை பிடித்துப்போயிற்று.

இனி, கொரியர்கள் சாப்பாட்டோடு தொட்டுக்கொள்ளும் காரமான காய்கறி ஊறுகாயான கிம்ச்சி. இந்தக் கடையைப் பற்றிப் பேசும் கொரியர்களில் பாதிப் பேர் நூடுல்ஸை விட்டுவிட்டு கிம்ச்சியைப் பற்றித்தான் பேசுவார்கள், அதில் நியாயமும் உண்டு. மாதக்கணக்கில் புளிக்கவைத்த கிம்ச்சி அன்று இது. நாப்பா முட்டைக்கோசைப் புதிதாகக் கலந்து, மிளகாய்த்தூளும் பூண்டும் அள்ளிப் போட்டுச் செய்தது. முதல் துண்டில் பச்சைப் பூண்டின் காரம் மூக்கில் ஏறும், அடுத்து மிளகாய், அதற்குப் பின் மெல்லிய இனிப்பு. தனியாகச் சாப்பிட்டால் இது மிகை. ஆனால் கொழுப்பும் உப்பும் மாவுப் பதமும் சேர்ந்த அந்தச் சூப்பை இரண்டு வாய் குடித்துவிட்டு இதில் ஒரு துண்டைக் கடித்தால், இரண்டும் ஒன்றையொன்று கருதியே செய்யப்பட்டவை என்பது விளங்கும். கிண்ணம் முடியும் வரை நாக்கு சலிக்காமல் இருப்பதற்குக் காரணம் சூப் அன்று, இந்த கிம்ச்சிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பணியாளர் ஒருவர் கிம்ச்சிப் பாத்திரத்தோடு மேசைகளுக்கிடையே சுற்றிக்கொண்டே இருப்பார். நம் ஊர்ப் பந்தியில் காலி இலையைக் கண்ட பரிமாறுபவர் நிற்பதைப் போல, தட்டு குறைந்ததைப் பார்த்ததும் கேளாமலேயே வைத்துவிட்டுப் போவார். பூண்டு வாசனை மாலை வரை வாயில் நிற்கும் என்பதைக் கடைக்காரர்களும் அறிவார்கள். அதனால்தான் சூயிங்கம் கொடுக்கிறார்கள். அந்தச் சிறு கம் போதாது. பிற்பகலில் முக்கியமான சந்திப்பு உள்ள நாளில் நான் இங்கே போவதில்லை.

ஆளுக்கு ஒரு பதார்த்தம் வாங்கிய மேசைக்கு நூடுல்ஸைக் கூடுதல் கட்டணமின்றி மறுபடியும் வைப்பார்கள். சிறு கிண்ணத்தில் தினை கலந்த சோறும் கேட்டால் கிடைக்கும். புதிதாக வருகிறவர்கள் பலர் இதை அறியாமல், முதல் கிண்ணத்தையும் ஒரு தட்டு மந்துவையும் முடித்து மூச்சு வாங்க எழுந்து போகிறார்கள். நான் செய்வது வேறு. முதலில் மிதக்கும் மந்துகள், பிறகு நூடுல்ஸில் பெரும்பகுதி, சூப்பைப் பாதிக்கு மேல் குடிக்காமல் நிறுத்தி வைப்பது, கடைசியில் சோற்றை வாங்கி அந்தச் சூப்பில் போட்டுக் கரைத்து, கிம்ச்சியோடு முடிப்பது. அந்தக் கடைசிப் பகுதியில் சூப் ஆறி, இன்னும் கெட்டியாகி, வதக்கிய கறித்துணுக்குகள் அடியில் தங்கியிருக்கும். சோற்றுக்குப் பழகிய வயிறு அப்போதுதான் சாப்பிட்டதாக ஒப்புக்கொள்கிறது. நூடுல்ஸை மறுபடி வாங்குவதைவிடச் சோறு வாங்குவதே எனக்கு உசிதமாகப் படுகிறது. இரண்டையும் வாங்கினால் அன்று இரவு உணவு தேவைப்படாது.

விலையைப் பற்றிச் சொல்லும்போது சியோலின் நிலவரத்தையும் சொல்ல வேண்டும். கொரிய நுகர்வோர் முகமை வெளியிடும் விவரப்படி, சியோலில் ஒரு கிண்ணம் கல்குக்சுவின் சராசரி விலை 2024இல் 9,000 வொன்னைத் தாண்டியிருந்தது. குளிர் நூடுல்ஸான நேங்மியோன் 12,000 வொன்னை ஒட்டியிருந்தது. ஆகவே 11,000 வொன் என்பது, இந்திய மதிப்பில் 650 முதல் 700 ரூபாய் வரை, நகரத்தின் மிக மலிவான கல்குக்சு அன்று, சராசரிக்குச் சற்று மேல். கொரியாவில் பட்டியலில் போட்ட விலைக்கு மேல் வரியோ டிப்ஸோ கிடையாது என்பதும், கிம்ச்சியும் மறுபடி வாங்கும் நூடுல்ஸும் சோறும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம் என்பதும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடுகிறது. நகரத்தின் மிக அதிக வாடகை உள்ள கடைவீதிகளில் ஒன்றில் இந்தக் கிண்ணம் கிடைக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சில வாசல்கள் தள்ளி இருக்கும் தெருவோரத் தள்ளுவண்டிகளில் சுற்றுலாப் பயணிகள் இதே அளவு பணத்திற்கு நின்றபடி அரைவயிறு நிரப்பிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்த வகைக் கடைகள் பெருகிய காலத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. கொரியத் தீபகற்பத்தில் கோதுமை பழங்காலத்தில் அரிய தானியம். கோடைத் தொடக்கத்தில் அறுவடையாகும்போது மட்டும் தாராளமாகக் கிடைத்தது. கொரியப் போருக்குப் பின் அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு வந்து குவிந்தது. அரிசிப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1960களிலும் 70களிலும் அரசாங்கம் மக்களை மாவு உணவுக்கும் கலப்பு தானியச் சோற்றுக்கும் பழக்கப்படுத்த முனைந்தது. 1969இல் புதன், சனிக்கிழமைகளின் பகல் நேரத்தில் உணவகங்கள் அரிசிச் சோறு விற்கவே கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. 1966இல் தொடங்கிய ஒரு நூடுல்ஸ் கடைக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்திருக்க முடியாது. அன்றைய ஏழைப் பண்டத்துக்கு இன்று வெளிநாட்டுப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள்.

மற்ற மூன்று பதார்த்தங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். மந்து ஒரு தட்டுக்குப் பத்துத் துண்டுகள், கல்குக்சுவைவிட விலை சற்றுக் கூடுதல். பன்றிக்கறியும் பூண்டுத்தாளும் எள்ளெண்ணெய் மணக்க உள்ளே நிறைந்திருக்கும். தனி ஆளுக்கு அது அதிகம். மூவர் சென்றால் மூன்று நூடுல்ஸுக்கு நடுவில் ஒரு தட்டு சரியாக இருக்கும். பிபிம்குக்சுவின் இழைகள் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி சேர்த்ததால் பச்சை நிறமாக இருக்கும். சிவந்த சாஸ் காரத்தைவிட இனிப்பையே முன்னிறுத்துவதால் என் நாக்குக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. கோங்குக்சு நேர் எதிர்: குளிர்ந்த, கெட்டியான, ஏறத்தாழ சுவையே இல்லாதது போன்ற சோயாப்பால். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் திடீரென்று பயறின் மணம் எழும். ஜூலை, ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் கல்குக்சுவைத் தவிர்த்து நான் தேர்வது அதைத்தான்.

மியோங்தோங் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் தலைமைக் கடையும், அதே பகுதியில் இன்னொரு கடையும் உள்ளன. இத்தேவோன் பகுதியிலும் கிளை உண்டு. மதியம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை வாசலில் வரிசை நிற்கும். மேசைகள் வேகமாகக் காலியாவதால் வரிசையும் வேகமாக நகரும். உட்கார்ந்ததும் பணம் வாங்கிக்கொள்வது இங்குள்ள நடைமுறை, சாப்பிட்டு முடித்தபின் கல்லாவில் நிற்க வேண்டியதில்லை. கொரியாவில் பல உணவகங்கள் இருவருக்குக் குறையாமல் வாங்கச் சொல்லும். நூடுல்ஸ் கடைகளில் அந்தத் தொந்தரவு இல்லை என்பதால் தனியாக வாழ்கிறவர்களுக்கு இவை பெரிய ஆறுதல். ஆற அமர உட்கார்ந்து பேசுவதற்கான இடம் மட்டும் இது இல்லை. பேச வேண்டியவர்கள் சாப்பிட்டபின் பக்கத்துத் தெருவில் காபிக் கடை தேடிக்கொள்வதே முறை.

நம்மவர்களில் சிலருக்கு இக்கடை பொருந்தாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கல்குக்சுவின் மேலும் மந்துவின் உள்ளும் பன்றிக்கறி இருப்பதால் இஸ்லாமிய நண்பர்களை இங்கே அழைத்துச் செல்ல முடியாது. சைவ உணவினருக்குப் பட்டியலில் அருகில் வருவது கோங்குக்சு ஒன்றுதான். அதையும் பணியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. கொரிய கிம்ச்சியில் பொதுவாக உப்பிட்டுப் புளிக்கவைத்த இறால் அல்லது மீன் சேர்ப்பார்கள் என்பதால் கிம்ச்சியைத் தொடாமல் இருப்பதே உத்தமம். கிம்ச்சி இல்லாமல் இந்தக் கடைக்குப் போவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. அவர்களுக்குக் கோயில் முறைச் சைவச் சாப்பாடு தரும் கடைகளையே நான் சொல்வேன்.

சூப்பின் கனமும் உப்பும் காரணமாக நான் இங்கே வாராவாரம் போவதில்லை. தெளிந்த நெத்திலிச் சூப்பு வேண்டும் என்று தோன்றும் நாள்களில் நம்தேமுன் சந்தையின் குறுகிய கல்குக்சுச் சந்துக்குப் போகிறேன். அங்கே கல்குக்சு கேட்டால் கூடவே சிறு கிண்ணத்தில் நேங்மியோனும் இலவசமாக வரும், முழங்கை இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், விலையும் குறைவு. குளிர் எலும்பைத் துளைக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மட்டும் மியோங்தோங் பக்கம் கால் அடிக்கடி திரும்புகிறது. அப்போதும் வரிசையைத் தவிர்க்க பிற்பகல் மூன்று மணியை ஒட்டிப் போவதே என் வழக்கம்; காலை பத்தரைக்குத் திறக்கும் கடை இரவு ஒன்பது வரை நடப்பதால் அந்த நேரத்திலும் கிண்ணம் சூடாகவே வருகிறது.