செடி, மர நோய்களை நாட்டின் வாசலில் தடுப்பதா, வந்தபின் மரத்தை வெட்டுவதா?

பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது வழியின் வலி நன்றாகத் தெரியும். கேரள வேர் வாடல் நோய் வந்த தென்னையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓலைக்கீற்றுகள் விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைந்திருக்கும், அடிமட்டை மஞ்சளடிக்கும், காய்ப்பு குறையும். ஆனால் மரம் சட்டென்று சாகாது. "இன்னும் நாலு காய் வருதுங்களே" என்று பெரியப்பாவுக்கு வெட்ட மனசே வரவில்லை. இந்த நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா, செல்சுவர் இல்லாத ஒரு பாக்டீரியா வகை. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதை மரத்துக்கு மரம் சுமந்து போகும். குணமாக்க மருந்து கிடையாது. நாம் வெட்டி, பக்கத்துத் தோப்புக்காரர் வெட்டாவிட்டால் பாதிப் பயன்தான்.

இத்தாலியின் புல்யாவிலும் இதே கதை. 2013இல் அங்கே சைலெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த காபிச் செடியோடு நுழைந்திருக்கலாம் என்கிறார்கள். லட்சக்கணக்கான ஆலிவ் மரங்கள் காய்ந்தன, நூற்றாண்டு கண்ட மரங்கள் உட்பட.

வாசலில் தடுப்பதற்கு நம்மிடம் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது: வெளிநாட்டுச் செடிக்கு அனுமதிச் சீட்டு, நோயின்மைச் சான்று, சிலவற்றுக்கு வந்தபிறகும் தனியிடத்தில் கண்காணிப்பு. இந்தச் சோதனைகளால் தாமதம்தான், சரி. காற்றில் வரும் பூச்சியை அது நிறுத்தாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: வெளிநாடு போய்த் திரும்பும் நம் பிள்ளைகள் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் ஒரு பதியன் குச்சி போதும், சோதனை அத்தனையும் வீணாகிவிடும்.