கச்சானுக்கும் வாடைக்கும் பொருந்தும் துணிப் பூச்சு எது?

திருகோணமலையில் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் காற்று வறண்டிருக்கும். பகல் வெப்பம் 34, 35 பாகை செல்சியசைத் தொடும். மாரி தொடங்கி வாடை திரும்பியதும் வெக்கை தணிந்தாலும், துவைத்த துணி கொடியில் காயாமல் ஈர நாற்றம் எடுக்கும். ‘குளிர்ச்சி தரும்’, ‘கிருமி எதிர்ப்பு’ என்ற அட்டைகளோடு கடையில் தொங்கும் விளையாட்டுச் சட்டைகளையும் சீருடைத் துணிகளையும் இந்த இரண்டு பருவங்களையும் மனதில் வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் குளிர்ச்சி. இவற்றில் பெரிதாகப் பேசப்படுவது நிலைமாற்றப் பொருள் பூச்சு. 1980களில் நாசாவின் ஆதரவோடு நடந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இந்த முறையில், ஒக்டடெக்கேன் போன்றதொரு மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளில் அடைத்துத் துணியில் ஒட்டுகிறார்கள். அது ஏறத்தாழ 28 பாகையில் உருகும். உருகும்போது கிராமுக்குச் சுமார் 240 ஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஆனால் சட்டை அலுமாரியில் இருக்கும்போதே எங்கள் ஊர்ப் பகல் அந்த மெழுகை உருக்கிவிடுகிறது. உருகி முடிந்த மெழுகு குளிர்ச்சி தராது. உருகாமல் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 20 கிராம் மெழுகு எடுக்கும் வெப்பம் 4.8 கிலோஜூல்தான்; 2 கிராம் வியர்வை ஆவியானாலே ஏறக்குறைய அவ்வளவு வெப்பம் போய்விடும். குளிர் அறைக்குள்ளும் வெளியிலுமாக மாறி மாறி வேலை செய்யும் மீன் பதனிடும் தொழிலாளருக்கு இந்தப் பூச்சு உண்மையிலேயே உதவும். வெயிலில் பந்து விளையாடும் பிள்ளைக்கு அதை வாங்குவது வீண் செலவு.

சைலிற்றோல் என்ற இனிப்புப் பொருளாலான பூச்சு வியர்வையில் கரையும்போது சில்லென்றிருக்கும். கரைந்த அளவுக்குச் சலவையில் போய்விடும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் தெரிவு, வியர்வையை இழுத்துப் பரப்பும் நீர்விரும்பிப் பூச்சு. பொலியெஸ்டர் இயல்பில் நீரை ஏற்காது. இந்தப் பூச்சு ஏறியதும் இழைகளின் இடுக்குகள் வழியே வியர்வை வெளிப்பக்கத்துக்குப் பரவி, அகன்ற பரப்பில் காற்றுப் பட்டு ஆவியாகிறது. கச்சான் காற்றில் இது மிக நன்றாக வேலை செய்யும். ஈரம் நிறைந்த வாடையில் வேகம் குறைந்தாலும், தடித்த பருத்தியை விடத் துணி விரைவில் காயும். கடையிலேயே சோதிக்கலாம். சட்டையின் உட்புறத்தில் ஒரு துளி நீரை விடுங்கள். ஓரிரு நொடியில் அது படர்ந்து மங்கலான வட்டமானால் பூச்சு உள்ளது. மணியாக உருண்டு நின்றால் அட்டையை நம்ப வேண்டாம். வாங்கிய பின் துணியை மென்மையாக்கும் திரவங்களைத் தவிருங்கள். அவை இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

கிருமி எதிர்ப்புப் பூச்சுகளில் போட்டி வெள்ளிக்கும், சிலேன் என்ற சிலிக்கன் சேர்மத்தின் வழி இழையோடு பிணைக்கப்படும் நாலிணைய அமோனியச் சேர்மத்துக்கும் இடையிலானது. வெள்ளி ஈரத்தில் அயன்களை வெளியிட்டுப் பலவகை பக்டீரியாக்களைக் கொல்லும், ஆனால் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கழன்று போகும். கழிவுநீர் கொட்டியாரக்குடாவையோ தம்பலகாமம் குடாவையோ நோக்கி ஓடும் ஊரில், இறாலும் நண்டும் வளரும் நீரை எண்ணி நான் இதைத் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். அமோனியப் பூச்சு இழையோடு பிணைந்து நின்று, தொடும் கிருமியைத் தாக்குவதால் கழன்று போவது குறைவு. அழுக்கும் சவர்க்காரப் படிவும் மூடினால் அதன் வலு குறையும் என்பதால் நன்றாக அலச வேண்டும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைற்றோசான் எங்கள் கரையோரத்துக்கு நெருக்கமான மூலப்பொருள்; எனினும் தகுந்த பிணைப்பு இல்லாவிட்டால் சலவைக்குத் தாங்காது.

இவை முதன்மையாகத் துணியில் நாற்றம் பிடிக்காமல் காப்பவை. படர்தாமரைக்கு மருந்தாக இவற்றை நம்பக் கூடாது. தளர்வான பருத்திச் சாரத்துக்கு இவை தேவையே இல்லை. மாரியில் தினமும் பொலியெஸ்டர் சீருடை அணிவோர்க்குப் பயன் உண்டு. அவர்களுக்காக மொத்தமாக வாங்கும் பாடசாலையோ விளையாட்டுக் கழகமோ துணியின் பக்டீரியா எதிர்ப்பை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 20743 சோதனை முடிவை, புதுத் துணிக்கு மட்டுமல்லாமல் பல சலவைகளுக்குப் பின்னரும் எடுத்த அளவாகக் கேட்டுப் பெற வேண்டும்.